பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள்

நகராட்சி அலுவலகத்துக்கு வெளியே நிற்பவர்களைக் கேட்டால், முக்கியமான இடம் வரி வசூல் கவுண்டர் என்பார்கள்; வீடு கட்டுகிறவர்கள் நகரமைப்புப் பிரிவு என்பார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களின் கால்கள் அதிகம் நடப்பது பணியமைப்புப் பிரிவுக்குத்தான். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. சி-ஒன் சீட்டு என்றால் வாட்ச்மேன்கூட கை காட்டுவார். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்ற எனக்கு நடுவில் எத்தனையோ பிரிவுகள் வாய்த்தாலும், சுற்றிச் சுற்றி அந்த சீட்டுக்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சம்பளப் பட்டியல், ஊதிய உயர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியக் கருத்துரு எல்லாம் அங்கேதான். ஆனால் எங்கள் நேரத்தைத் தின்றது விடுப்பு.

விதிகள் என்னவோ தாராளமானவை. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள், 1933ஆம் ஆண்டின் விடுப்பு விதிகள், அவற்றின்மேல் வருடா வருடம் ஏறிக்கொண்ட அரசாணைகள்: அரசு ஊழியருக்கு உள்ளதுதான் நகராட்சியின் நிரந்தர ஊழியருக்கும். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்த 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்போதும் விடுப்புக் கோப்பு பழைய தடத்திலேயேதான் ஓடியது.

புதிதாக சீட்டுக்கு வருகிறவனுக்கு மேலாளர் முதலில் சொல்லித் தருவது அடிப்படை விதி 67. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது; பணியின் அவசரம் கருதி மறுக்கலாம், போனவரைத் திரும்பக் கூப்பிடலாம். அதே விதியின் கீழ் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் இருக்கிற விடுப்பை ஒருவர் கேட்டால் அதிகாரி மறுக்கலாமே தவிர, தன் இஷ்டத்துக்கு வேறு வகை விடுப்பாக மாற்றிக் கொடுக்க முடியாது. ஈட்டிய விடுப்பு கேட்டவருக்குச் சம்பளமில்லா விடுப்பு என்று ஆணை போட முடியாது. கோபத்தில் ஆணையாளர் பச்சை மையில் கோப்பின் ஓரத்தில் எழுதிவிட்டதை, இந்த விளக்கத்தை அடுத்த குறிப்பில் பணிவாக எடுத்துக்காட்டித் திருத்த வைப்பது சி-ஒன் சீட்டுக்காரனின் முதல் வித்தை. இதற்காகவே அடிப்படை விதிகள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன்.

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தற்செயல் விடுப்பு, ஆண்டுக்கு 12 நாள். விதிப்படி பார்த்தால் இது விடுப்பே அல்ல, வேலையில் இருந்ததாகத்தான் கணக்கு. அதனால் பணிப்பதிவேட்டில் ஏறாது, தனி நோட்டில் நிற்கும். இடையில் வரும் விடுமுறைகளையும் சேர்த்து ஒரு தடவைக்கு 10 நாளைத் தாண்டக் கூடாது. மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் தற்செயல் விடுப்பு போகும். வரையறுக்கப்பட்ட விடுப்பு 3 நாள். விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் ஈடுசெய் விடுப்பு. ஆண்டுக்கு 10 நாள்தான், ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். ஜனவரி முதல் தேதி 15, ஜூலை முதல் தேதி 15 என்று முன்கூட்டியே வரவு வைப்போம். 240 நாள் வரை சேர்க்கலாம். மத்திய அரசு ஊழியருக்கு 300 என்று சங்கக் கூட்டத்தில் யாராவது ஞாபகப்படுத்தாமல் இருக்க மாட்டார்கள். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு என்று ஒன்று. பணிக்காலம் ஏற ஏற அதுவும் ஏறி, இருபது ஆண்டைத் தாண்டியவருக்கு மொத்தப் பணிக்காலத்துக்கும் 540 நாள். சொந்த அலுவலுக்கான ஈட்டா விடுப்பு மொத்தமே 180 நாள். இவை எதுவும் இல்லாதபோது சம்பளமில்லா விடுப்பு.

படிக்கிறவருக்கு, இவ்வளவு இருக்கிறதே, பிறகென்ன குறை என்று தோன்றும். விடுப்பு விதிப்புத்தகத்தில் இருந்து பயனில்லை. அது பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் முப்பது வருடம் கழித்துப் பூதம் மாதிரி எழுந்து வரும். என் வேலையில் பாதி அந்தப் பூதங்களோடுதான்.

பணிப்பதிவேட்டைப் பார்க்காதவர்களுக்காக: எஸ்.ஆர். என்பது காலிகோ ஒட்டிய கெட்டி அட்டைப் புத்தகம். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம். ‘வலது முழங்காலுக்குக் கீழ் ஒரு தழும்பு’ என்பது போல. அதன் கீழே இடது கை விரல்கள் ஐந்தின் ரேகை. பிறகு வரிசையாக நியமனம், ஊதிய உயர்வு, மாறுதல், தண்டனை. வருடத்துக்கு ஒருமுறை, முந்தின ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பணியைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக ஒரு வரி எழுதி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விடுப்புக் கணக்கு: கட்டம் கட்டமாக வரவு, எடுத்தது, மீதி. துப்புரவுப் பணியாளர்களின் பதிவேடுகள் தடவிப் பார்த்தாலே தெரியும். எழுத்தர்களின் பதிவேட்டைவிட ஒல்லியாக இருக்கும். பதவி உயர்வும் மாறுதலும் இல்லாத வாழ்க்கைக்குப் பக்கம் அதிகம் தேவைப்படாது. ஆனால் கடைசிப் பக்கங்கள் மட்டும் மற்றவர்களுடையதைவிட அழுக்கேறிக் கிடக்கும், அடித்தலும் திருத்தலுமாக.

ஒரு பெண் துப்புரவுப் பணியாளரின் பதிவேட்டைச் சொல்கிறேன். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்கப் பதிவேட்டைப் புரட்டினால், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடத்துக்குச் சரிபார்ப்பு வரி இல்லை. சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தால் 47 நாளுக்குச் சம்பளம் இல்லை. ஏன் இல்லை என்று பதிவேட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோவுன்னு பெரியாஸ்பத்திரியில கெடந்தேன். அன்னைக்கே எழுதிக் குடுத்தேம்லா சார். கைநாட்டு வச்சேன். மேஸ்திரிதான் வாங்கிட்டுப் போனாரு” என்றார். அவர் கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு அவர் கணக்கில் நூறு நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு இருந்தது. விண்ணப்பம் சீட்டுக்கு வந்து, குறிப்பு எழுதி, ஆணை ஆகியிருந்தால் சம்பளத்தோடு போயிருக்க வேண்டிய நாட்கள். அந்தக் காகிதம் எந்தக் கட்டிலும் கிடைக்கவில்லை. பதிவறையில் அந்த வருட மஸ்டர் ரோலும் இல்லை. காலக்கெடு முடிந்து அழித்திருந்தார்கள்.

தணிக்கை கேட்டது ஒரே கேள்வி: மேற்படி 47 நாட்கள் எவ்வாறு முறைப்படுத்தப்பட்டன? விண்ணப்பமும் இல்லை, மருத்துவச் சான்றும் இல்லை என்றால் சம்பளமில்லா விடுப்பு என்றுதான் ஆகும். சான்றில்லாத சம்பளமில்லா விடுப்பு ஊதிய உயர்வுக்குச் சேராது, அத்தனை நாள் உயர்வு தள்ளிப்போகும். இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டு ஊதிய உயர்வு அவரவர் தேதியில் வருவதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டின் முதல் நாளுக்கு முன்னே இழுத்துக் கொடுப்போம். அந்த அம்மாவின் உண்மையான தேதி ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இருந்திருந்தால் 47 நாள் தள்ளினாலும் மே மாதத்தில்தான் விழும். அதே காலாண்டு, ஒரு பைசா மாறாது. அவர் தேதி ஜூன் மாதக் கடைசி. 47 நாளைச் சேர்த்தால் ஆகஸ்ட். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஜூலை முதல் தேதிக்கு உயர்வு குதிக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஒரு உயர்வுத் தொகை கூடுதலாகப் போயிருக்கிறது, அகவிலைப்படியோடு சேர்த்து. இடையில் இரண்டு ஊதியக் குழு வேறு. எல்லாவற்றையும் கூட்டி, பணிக்கொடையில் பிடித்தம் செய்க என்றது குறிப்பு.

அப்போது கை கொடுத்தது 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் சொன்ன தீர்ப்பு. ரஃபீக் மாசிஹ் வழக்கு என்று பணியமைப்புப் பிரிவுகளில் எல்லோருக்கும் தெரியும்; அவர் வெள்ளையடிக்கும் தொழிலாளி. கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்ற அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேலாகத் தவறிக் கொடுத்து வந்த தொகையைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் வகை பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அம்மா அந்த மூன்று வகையிலும் வந்தார். கடிதப் போக்குவரத்து நடந்தது. பிடித்தம் கைவிடப்பட்டது. பணிக்கொடை கைக்கு வரப் பல மாதம் தாமதம் ஆனது. பேத்தி கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். 47 நாளுக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டிய சம்பளம் கிடைக்காமலேதான் போனது. அதைக் கேட்க எந்த விதியிலும் இடமில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஓட்டைகள் எழுத்தர், வருவாய் உதவியாளர் பதிவேடுகளில் அபூர்வம். அவர்கள் தங்கள் விடுப்பைத் தாங்களே எழுதுவார்கள், ஆணை நகலைக் கேட்டு வாங்குவார்கள், வருடத்துக்கு ஒருமுறை வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தெருவில் வேலை செய்கிறவர்களுக்கும் சி-ஒன் சீட்டுக்கும் நடுவே மேஸ்திரி, துப்புரவு ஆய்வாளர், சுகாதாரப் பிரிவு எழுத்தர் என்று மூன்று கை இருக்கிறது. காகிதம் எந்தக் கையில் நின்றாலும் நின்றதுதான். காலை ஆறு மணிக்கு வார்டு அலுவலகத்தில் மஸ்டர் எடுக்கும்போது ஆள் இல்லையென்றால் ‘ஏ’ விழும். அந்த ‘ஏ’ பிறகு விடுப்பாக மாறுகிறதா, ஆப்செண்டாகவே நிற்கிறதா என்பது மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்தது. வராத நாளுக்கு வந்ததாகப் போட்டவர்களும் உண்டு, வந்த நாளுக்கு வரவில்லை என்று போட்டவர்களும் உண்டு. முதல் வகைக்கு விலை இருந்தது. இரண்டாம் வகைக்குக் காரணம் பெரும்பாலும் முந்தின நாள் வாய்த்தகராறு.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடம் கொடை. ஆடியிலோ சித்திரையிலோ அம்மனுக்குக் கொடை என்றால் ஒரு தெருவே லீவு கேட்கும். ஒரு தெரு என்றால் அது ஒரு வார்டின் மொத்தத் துப்புரவு. விதி 67ஐ அங்கே போய்ச் சொல்ல முடியாது. விவரம் தெரிந்த ஒரு துப்புரவு ஆய்வாளர், கொடைக்கு இரண்டு மாதம் முன்பே பெரியவர்களை உட்கார வைத்து யார் எந்த நாள் என்று பிரித்துவிடுவார். கொடை முடிந்த மறுநாள் குப்பையை அள்ளுவதும் அவர்கள்தானே, அன்றைக்கு யார் வருவது என்பதையும் சேர்த்தே பேசிவிடுவார். அவர் மாறுதலாகிப் போனபின் வந்தவர், எல்லோருக்கும் மெமோ கொடுத்தார். கொடை நடந்தது, குப்பை கிடந்தது, விளக்கம் கோரிய கோப்பு என் மேஜைக்கு வந்தது. ஆளுக்கொரு விளக்கம், எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து. யாரோ ஒருவர் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அத்தனையையும் ஈட்டிய விடுப்பாக முறைப்படுத்தலாம் என்று குறிப்பு வைத்தேன்.

எழுத்தர்களை நல்லவர்களாகச் சொல்லிவிட்டேன், மருத்துவச் சான்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சான்றின் வாசகம் அச்சடித்தது: மேலே கையெழுத்திட்டிருப்பவரைக் கவனமாகப் பரிசோதித்தேன், இன்ன நோயால் அவதிப்படுகிறார், இத்தனை நாள் ஓய்வு அவசியம். நோயின் பெயர் மட்டும் கையால் எழுத வேண்டும். தேர்வு எழுதப் போகிறவருக்கு மஞ்சள் காமாலை வரும், வீடு கட்டுகிறவருக்கு இடுப்பு வலி வரும், மேலதிகாரியோடு மனஸ்தாபம் வந்தவருக்கு டைபாய்டு. ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்துக் காசாக்கிக்கொள்ளலாம், ஈட்டா விடுப்புக்கு அந்த வசதி அவ்வளவாக இல்லை. ஆகவே செலவு செய்யும்போது மருத்துவ விடுப்பைச் செலவு செய்வது கெட்டிக்காரத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் கண்டும் காணாமல் இருந்தவன்தான். ஆனால் விடுப்பு நீண்டு மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய கட்டம் வந்ததும், பல காமாலைகள் அதற்கு முந்தின நாளே குணமாகி உடல்தகுதிச் சான்றோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே நோயில் விழுந்த துப்புரவுப் பணியாளர்களிடம் சான்றே இருக்காது. மருந்துச் சீட்டும், ஊசி போட்ட ஆஸ்பத்திரி அட்டையும், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு எக்ஸ்ரே உறையும் இருக்கும். அதை வைத்துச் சான்று வாங்கிவர மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அன்றைக்கும் ஒரு ‘ஏ’.

காசாக்குவது என்றேன். சரண்டர் என்பது எங்கள் ஊழியர்களின் வருடாந்திரப் பண்டிகை. ஆண்டுக்கு 15 நாள் அல்லது இரண்டு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துச் சம்பளமாக வாங்கலாம். பள்ளிக்கூடக் கட்டணம், காது குத்து, சீட்டுக் கடன் எல்லாம் அந்தத் தேதியை நம்பியிருக்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி முதலில் ஓராண்டுக்கு நிறுத்தினார்கள்; ஓராண்டு முடிந்தும் வரவில்லை. அதில் நசுங்கியவர்கள் கணக்கில் 240ஐத் தொட்டுவிட்ட மூத்த ஊழியர்கள். ஒப்படைக்கவும் முடியாது, 240க்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஜனவரியிலும் ஜூலையிலும் வரவு வைக்க வேண்டிய 15 நாள் வந்த வேகத்தில் ஆவியாகும். எடுத்துத் தீர்க்கலாமே என்றால், ஊரெல்லாம் கிருமிநாசினி அடித்துக்கொண்டிருந்த நாட்களில் சுகாதாரப் பிரிவில் யாருக்கு விடுப்புக் கொடுப்பது? வீட்டில் தொற்றுநோய் கண்டால் சிறப்புத் தற்செயல் விடுப்பு தரலாம் என்ற பழைய விதி அந்தச் சமயம் தூசி தட்டி எழுந்தது. அலுவலகத்துக்குள் இருந்தவர்கள் அதைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்தினார்கள், தெருவில் நின்றவர்கள் தெருவிலேயே நின்றார்கள். சரண்டர் மறுபடி 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, 15 நாள் வரை, வந்திருக்கிறது. இடையில் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நாட்கள் போனது போனதுதான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே கதை. மாநிலம் முழுவதும் இருந்து நகராட்சிப் பணியாளர்களை அங்கே அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் போனார்கள். கல்யாண மண்டபத்தில் படுக்கை, இடுப்பளவு சேற்றில் வேலை. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. திரும்பி வந்தவர்களுக்கு ஈடுசெய் விடுப்பு வரவு வைத்தோம், அந்த 10 நாள் உச்சவரம்புக்கு உட்பட்டு. ஊரில் இல்லாத நாட்களில் சேர்ந்துவிட்ட வேலை காத்திருந்ததால் மேஸ்திரியால் ஆளை விட முடியவில்லை. ஆறு மாதம் முடிந்தது, விடுப்பும் காலாவதியானது. கெடுவைத் தளர்த்தித் தரலாம் என்று நான் வைத்த குறிப்பு, ‘விதியில் இடமில்லை’ என்று திரும்பி வந்தது. விதியில் இடமில்லைதான்.

மகப்பேறு விடுப்பைப் பொறுத்தவரை தமிழ்நாடு தாராளம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் 90 நாள். 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. சிக்கல் எல்லாம் ‘உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக உள்ளவர்’ என்ற நிபந்தனையில்தான் வரும். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், மறுமணத்தில் ஒன்று என்று ஒரு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு விடுப்பு மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் சேர்ந்தது என்றது நீதிமன்றம். எனக்கு இதில் ஒரே எண்ணம்தான்: அந்தக் கோப்பை முதன்முதலில் வைத்த எழுத்தர், விதியைப் படித்த நேரத்தில் பாதியை அந்த ஆசிரியையின் விண்ணப்பத்தைப் படிக்கவும் ஒதுக்கியிருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பணிப்பதிவேடு உள்ளவர்களைப் பற்றி. நான் சேர்ந்தபோது சுகாதாரப் பிரிவில் பெரும்பாலோர் நிரந்தரம். ஓய்வு பெறும்போது, ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தில் சுய உதவிக் குழு, தினக்கூலி, ஒப்பந்தம் என்று வந்தவர்கள்தான் தெருவில் அதிகம். பல பணிகளை வெளியாருக்கு விடச் சொல்லி 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152க்குப் பிறகு மாநகராட்சிகளிலும் இதே போக்குதான். ஒரே தள்ளுவண்டியை இரண்டு பெண்கள் தள்ளிப் போவார்கள்; ஒருவருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு, இன்னொருவருக்கு வராத நாளெல்லாம் கூலியில்லாத நாள். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு தினக்கூலிப் பெண் சீட்டுக்கு முன்னால் வந்து, “எங்களுக்கு லீவு உண்டுமா சார்?” என்று கேட்டபோது, பக்கத்து சீட்டுக்காரர், “உங்களுக்கு எஸ்.ஆரே இல்லையேம்மா” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு அது அலுவலக உண்மை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டெல்லி மாநகராட்சியில் பள்ளம் தோண்டவும் சாலை போடவும் மஸ்டர் ரோலில் வேலை பார்த்த பெண்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தாது என்று மாநகராட்சி வாதாடியது, நிரந்தர ஊழியர்களுக்குத்தானாம். பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தில் 26 வாரம். ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அதே 26 வாரம் முழுக் கூலியும் அங்கிருந்து வரும். நோய் விடுப்புக்கும் அங்கே ஏற்பாடு உண்டு, வருடத்துக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம். அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆணையாளர் பெயருக்கு மனுவாக்கிக் கொடுத்தேன். டெல்லித் தீர்ப்பின் நகலை இணைத்தபோது மேலாளர், இனி எல்லோரும் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்களே என்றார். வந்தார்கள்.

அரசுத் துறைகளில் இப்போது களஞ்சியம் செயலியில் விடுப்புக் கேட்கிறார்கள்; விண்ணப்பம் மேஸ்திரி சட்டைப்பையில் கிடந்து வியர்வையில் நைந்து போகும் காலம் முடியப்போகிறது என்று நினைக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களிடம் கேட்பது இரண்டு கேள்வி. முதலாவது, இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறதா, உங்கள் எண்ணில் ஏறியும் இருக்கிறதா? மகப்பேறு பலனுக்கு முந்தின இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தக் காலங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். போனில் இ.எஸ்.ஐ. தளத்தைத் திறந்து பார்த்தால் நாள் கணக்குத் தெரியும், வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் போதும். இரண்டாவது, ஒப்பந்தக்காரர் மாறியபோது பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுத்தீர்களா? பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். புது நிறுவனம் வந்ததும் ஆதாரை வாங்கிக்கொண்டு புது எண் போட்டுவிடுகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு எண். இரண்டிலும் பாதிப் பாதி நாள். எதிலும் 70 ஆகவில்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக இணைக்கச் சொல்லிக் கிளை அலுவலகத்துக்கு எழுதும் மனுவின் மாதிரியை இப்போது நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பெயரும் இரண்டு எண்களும் மட்டும் நிரப்பினால் போதும்.